மெழுகுத் தாளில் ஒரு மாநகரம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வாரம் முழுவதும் அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் வரலாற்று மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தமான நாள். அன்று சிலர் மைதானத்திற்குச் செல்வர். சிலர் உறங்கித் தீர்ப்பர். நானோ காலைப் பலகாரம் முடிந்தவுடன் மதுரைக்குப் பேருந்து ஏறிவிடுவேன். புகைப்படம் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. என் மாமா கொடுத்த பழைய யாஷிகா கேமரா வீட்டில் இருக்கிறது. ஆனால் அதற்குரிய பிலிம் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே எல்லோரையும் போல நானும் கைப்பேசியில்தான் படம் எடுக்கிறேன். திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள், அங்குள்ள அருங்காட்சியகத்துக் கற்சிலைகள், தெப்பக்குளத்து மைய மண்டபம் என்று எடுத்துக்கொண்டே செல்வேன். மாலையில் திரும்பும்போது நூறு, இருநூறு படங்கள் சேர்ந்திருக்கும். அவற்றுள் எத்தனையை மறுமுறை பார்த்தேன் என்று கேட்டால் விடை சொல்ல இயலாது.

சென்ற கல்வியாண்டில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் வகுப்பில் ஒரு பழைய படத்தைத் திரையில் காட்டினார். அது என்ன இடம் என்று கேட்டார். பழுதடைந்த சுவர்கள்; கேட்பாரற்றுக் கிடக்கும் கூடம்; பருத்த தூண்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அது திருமலை நாயக்கர் மகால் என்று அவர் சொன்னபோது, முதலில் வெட்கப்பட்டவன் நான்தான். மாதம் இருமுறையாவது சென்று படமெடுக்கும் கட்டடத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை! அந்தப் படம் 1858ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது என்றும், எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் என்றும் பேராசிரியர் கூறினார். புகைப்பட வரலாற்றில் உலகமெங்கும் அறியப்பட்ட அந்த மனிதரின் வாழ்க்கையை அன்று முதல் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

கப்பல் துறையில் பிறந்தவர்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், டெவன்போர்ட் என்னும் கப்பற்படைத் துறைமுகத்தில் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் டிரைப் பிறந்தார். பிள்ளைகள் பலர் உள்ள பெரிய குடும்பம் அது. செடிகொடிகளையும் உயிரினங்களையும் வகைப்படுத்திப் பெயரிட்ட ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் பெயரையே பெற்றோர் இவருக்கு இட்டிருந்தனர். பிற்காலத்தில் இவரும் கண்ணில் பட்டவற்றையெல்லாம் எண்ணிட்டு, பெயரிட்டு, வரிசைப்படுத்தி வைத்தார் என்பதை நினைக்கும்போது அப்பெயர் பொருத்தமாகவே தோன்றுகிறது.

1839இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்த டிரைப், சென்னை மாகாணக் காலாட்படையில் பணிபுரிய இந்தியாவுக்கு வந்தார். அடுத்த பத்தாண்டுகள் ஒரு சாதாரணப் படை அதிகாரியின் வாழ்க்கைதான். பின்னர் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றார். அந்த விடுப்புதான் அவர் வாழ்வைத் திருப்பியது எனலாம்.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். டிரைப் விடுப்பில் சென்ற காலத்தில் அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான். அதைக் கற்றுத்தரக் கல்லூரிகள் இல்லை. ஆர்வமும், பணமும், ஓய்வும் உடையவர்கள் தாமே முயன்று கற்றனர். மருத்துவர், படை அதிகாரி, நிலக்கிழார் எனப் பலரும் அதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். டிரைப்பும் அவ்வாறே கற்றார். 1853இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றிய அந்த ஆண்டிலேயே அதில் உறுப்பினரானார். தாம் பிறந்த ஊரின் கப்பல் துறையையும், பழுது பார்ப்பதற்கு நிறுத்தப்பட்டிருந்த கப்பல்களையும் படமெடுத்துப் பழகினார். பிழைப்புக்காக அன்று, பார்த்ததைப் பதிந்து வைக்கும் மகிழ்ச்சிக்காகவே. அந்த வகையில் அவரும் நம்மைப் போன்ற ஒருவர்தான்.

ஒரு படம் பிறந்த விதம்

இன்று விரல் நுனியால் தொட்டால் படம் விழுந்துவிடுகிறது. டிரைப் ஒரு படம் எடுக்க என்ன பாடுபட்டார் என்பதை அறிந்தால்தான் அவர் செயலின் அருமை விளங்கும்.

அவர் கையாண்டது மெழுகுத் தாள் முறை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1851இல் வெளியிட்ட முறை அது. மெல்லிய தாளில் உருகிய மெழுகை ஊறவிட வேண்டும். பிறகு அயோடின் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்த வேண்டும். பின்னர் சில்வர் நைட்ரேட் கரைசலில் இட்டால்தான் தாளுக்கு ஒளியை உணரும் தன்மை வரும். அந்தத் தாளை ஒளிபடாமல் கேமராவுக்குள் வைத்து, முக்காலியில் நிறுத்தி, மூடியைத் திறந்து நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு இருட்டறையில் காலிக் அமிலத்தில் இட்டால் உருவம் மெல்ல மெல்லத் தோன்றும். அதுதான் நெகடிவ்.

படத்தைப் பெரிதாக்கும் கருவி அன்று வழக்கில் இல்லை. எனவே எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகடிவ் தேவை. டிரைப்பின் நெகடிவ்கள் ஏறத்தாழ 10 அங்குல உயரமும் 15 அங்குல நீளமும் உடையவை. அவ்வளவு பெரிய தாளைத் தாங்கும் கேமரா எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முன்னதாகவே தாள்களைத் தயாரித்து எடுத்துச் செல்லலாம் என்பது இம்முறையின் நன்மை. ஆனால் நம் நாட்டு வெயிலில் மெழுகும் மருந்துகளும் ஐரோப்பாவில் நடப்பதைப் போல நடந்துகொள்வதில்லை. நூல்களில் உள்ள அளவுகளை அவர் தாமே மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. அக்காலத் தாள் நீல நிறத்திற்கு மிகுதியாக ஆட்படும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் நெகடிவின் மீது தூரிகையால் மெல்லத் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைகளையும் அவ்வாறே திருத்தினார். ஆனால் கட்டடத்தின் கல்லிலோ தூணிலோ அவர் கைவைக்கவில்லை. கணினியில் முகத்தை வெளுப்பாக்கும் இந்நாளில், எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக்கூடாது என்ற அந்த எல்லை நம் சிந்தனைக்குரியது.

பதக்கமும் பர்மாவும்

1854இல் பெங்களூருக்குத் திரும்பிய டிரைப், அவ்வாண்டின் இறுதியில் ஆண்ட்ரு நீல் என்ற மருத்துவருடன் ஹளேபீடுக்கும் பேலூருக்கும் சென்றார். யாரும் அனுப்பி அவர் செல்லவில்லை. விருப்பத்தின் பேரில் சென்றார். ஹொய்சாளர் கோயில்களின் சிற்பங்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் 68 படங்களை வைத்தார். நடுவர்கள் அவற்றுக்கு முதல் தரப் பதக்கம் அளித்தனர்.

அந்தப் பதக்கம் அவருடைய பொழுதுபோக்கை அலுவலாக மாற்றியது. அவ்வாண்டே டல்ஹௌசிப் பிரபு பர்மிய மன்னரின் அவைக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். ஆர்தர் பேயர் அதன் தலைவர். ஹென்றி யூல் செயலாளர். புகைப்படம் எடுக்கும் பொறுப்பு டிரைப்புக்குக் கிடைத்தது. ஐராவதி ஆற்றின் கரையிலுள்ள புத்த விகாரங்களையும், தலைநகர் அமரபுரத்தையும் இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்து வந்தார். அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, 50 தொகுதிகளாகப் பெங்களூரில் அச்சிட்டார். 120 படங்களை 50 முறை என்றால் 6,000 படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துக் கையால் எடுத்த அச்சு என்பதை மறக்கலாகாது.

மாட்டு வண்டியும் மதுரையும்

பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் ஓவியர்களைக் கொண்டு வரைந்து வைப்பதைவிடப் புகைப்படமாக எடுப்பது விரைவானது, நம்பத்தக்கது, சிக்கனமானது என்று கம்பெனியின் இயக்குநர்கள் 1855இல் கருதினர். சிக்கனம் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மீண்டும் வரும். இதன் விளைவாகச் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக டிரைப் அமர்த்தப்பட்டார்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து அவர் புறப்பட்டார். வட இந்தியாவில் பெரும் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. கண்ணாடிக் குப்பிகளில் மருந்துகளும், கேமராக்களும், தாள் கட்டுகளும் மாட்டு வண்டிகளில் ஏறின. ராயக்கோட்டை, சேலம் மாவட்டம், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என அந்தப் பயணம் நீண்டது. மதுரையில் அவர் பணியாற்றியது 1858 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். அந்தப் பயணத்தில் மிகுதியான படங்களைப் பெற்ற ஊர்களுள் மதுரை முதன்மையானது.

அப்படங்களின் நகல்களை எடுத்துக்கொண்டு, அவர் நின்ற இடங்களில் நானும் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின. அந்த மூன்று நாட்களில் நான் எடுத்த படங்கள் நாற்பதுகூட இல்லை. ஆனால் அதுவரை மதுரையை நான் பார்த்ததே இல்லை என்ற எண்ணம் அப்போதுதான் ஏற்பட்டது.

முதலில் மகாலுக்குச் சென்றேன். 1636இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. டிரைப் வந்தபோது அதுவும் பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில்தான் பழுதுபார்க்கும் பணி நடந்தது. டிரைப் எடுத்தது அந்தப் பணிக்கு முந்திய நிலை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எது பழையது, எது பின்னர் பூசியது என்று அறிய முயன்றதில் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அங்கிருந்த காவலர் இரண்டு முறை என்னருகில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவரும் படத்தை வாங்கிப் பார்த்து, என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார்.

பிறகு கீழக்கோபுரத்தின் எதிரிலுள்ள புதுமண்டபம். 124 தூண்கள் கொண்ட அந்த மண்டபத்தில் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் இருக்கின்றன. சிறு வயதில் அம்மாவுடன் பாவாடைத் துணி தைக்கக் கொடுக்கவும், பாத்திரம் வாங்கவும் அங்கு சென்ற நினைவு எனக்கு உண்டு. தையல் இயந்திரங்களின் ஓசை நினைவிருக்கிறது. சிலைகள் நினைவில் இல்லை. கடைகள் அவற்றை மறைத்திருந்தன. கடைகள் இப்போது வேறிடம் சென்றுவிட்டன. டிரைப்பின் படத்தில் அம்மண்டபத்தின் முகப்பும் பக்கத் தாழ்வாரமும் தெளிவாக விழுந்துள்ளன. சிற்பத்தின் மீது வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம் வரை அவர் காத்திருந்திருக்க வேண்டும். இல்லையேல் கல்லின் மேடுபள்ளம் அவ்வாறு எழுந்து நில்லாது.

விளக்குத்தூணையும் அவர் எடுத்திருக்கிறார். கோட்டைச் சுவரை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்ட தூண் அது. இன்று துணிக்கடைகளின் கூட்டத்திற்கு நடுவே நிற்கிறது. அதே கோணத்தில் படமெடுக்க நான் நின்றபோது ஆட்டோக்காரர் ஒருவர் ஓரமாக நிற்கும்படி சத்தமிட்டார். டிரைப்பின் படத்திலோ கூட்டமே இல்லை. வைகையைக் கடக்கும் தரைப்பாலம், தெப்பக்குளம் ஆகிய படங்களைப் பார்க்கும்போதும், ஊரே எங்கோ போய்விட்டதைப் போன்ற வெறுமை மனத்தில் தட்டும்.

ஊர் எங்கும் போய்விடவில்லை. தாளில் ஒளி விழ நிமிடக்கணக்கில் ஆகும் என்றேன் அல்லவா? அந்த நேரத்தில் அசையாமல் இருந்தது மட்டுமே படத்தில் பதியும். நடந்து போனவர்களும், கூடை சுமந்தவர்களும், ஓடி விளையாடிய குழந்தைகளும் தாளில் தங்கவில்லை. கல் தங்கியது, மனிதர் கரைந்து போயினர்.

மீனாட்சியம்மன் கோயிலின் வெளி மண்டபங்களையும், பிராகாரத்தையும், கோயிலின் அணிகலன்களையும் அவர் எடுத்துள்ளார். அந்த இடங்களில் நான் மீண்டும் படமெடுக்க வழியில்லை. 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் தீப்பிடித்தது. கல் மேற்கூரை சரிந்தது, தூண்கள் சிதைந்தன. அதன் பின்னர் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்லக் கூடாது என்ற விதி வந்தது. அது சரியான விதிதான். ஆனால் ஓரிரவில் ஒரு மண்டபம் எப்படி ஆகிவிடும் என்பதை அந்தத் தீ எங்கள் தலைமுறைக்குக் காட்டிவிட்டது.

படிக்கத் தெரியாத எழுத்து

தஞ்சையில் டிரைப் செய்த ஒரு செயல் என்னை மிகவும் கவர்ந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அவற்றை ஒரே படத்தில் அடக்க இயலாது. டிரைப் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். இன்று கைப்பேசியை வலமிருந்து இடமாகத் திருப்பினால் கிடைக்கும் அகலப் படத்தை, அவர் மெழுகுத் தாளில் 21 துண்டுகளாகச் செய்து முடித்தார்.

அந்தக் கோயிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன் என்பதே அறிஞர்களிடையே அன்று உறுதியாகத் தெரியாது. ஹுல்ஷ் என்னும் ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் 1886இல் அரசுப் பணியில் சேர்ந்து அக்கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பிறகே அது ஐயமின்றி நிறுவப்பட்டது. அப்படியானால், அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பொருள் தெளியாத எழுத்துகளை ஒருவர் வரி பிசகாமல் படமெடுத்திருக்கிறார். தமக்கு விளங்காவிட்டாலும் பின்னால் வருபவர் ஒருவர் படிப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது.

எழும்பூர் முற்றத்துக் கற்கள்

1858ஆம் ஆண்டின் கோடையில் டிரைப் சென்னை வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பணி அருங்காட்சியகத்தில். 1851இல் தொடங்கப்பட்டுப் பின்னர் எழும்பூருக்கு மாறியிருந்த அந்த அருங்காட்சியகத்தில், கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதித் தூபியின் சிற்பப் பலகைகள் இருந்தன. வால்டர் எலியட் 1845இல் அமராவதியில் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை அவை. சலவைக் கல் என்று அன்று பெயர் சொன்னாலும் உண்மையில் அது ஒருவகைச் சுண்ணாம்புக் கல். புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் செதுக்கப்பட்ட அந்த அரிய கற்கள், தக்க இடமின்றித் திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்தன.

டிரைப் அவற்றை முறையாக எடுத்துப் பதிந்தார். அவ்வாறு எடுத்த அருங்காட்சியகப் படங்கள் 75. கற்களை வரிசையாக அடுக்கி, எண்ணிட்டு, ஒளி சீராக விழும்படி எடுத்தார். அருங்காட்சியகம் என்பது பொருளை வைத்திருக்கும் இடம் மட்டுமன்று, பொருளுக்குக் கணக்கு வைத்திருக்கும் இடமும் ஆகும் என்பதை அப்படங்கள் உணர்த்துகின்றன.

மறு ஆண்டே, அதாவது 1859இல், அந்தப் பலகைகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவை கப்பலேறி லண்டன் சென்றன. அங்கும் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சியவற்றையும், பின்னர் அமராவதியில் தோண்டி எடுக்கப்பட்டவற்றையும் எழும்பூரில் இன்றும் காணலாம். ஒரே தூபியின் கற்கள் இரு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. கப்பலேறும் முன் சென்னையில் அவை எந்நிலையில் இருந்தன என்பதற்குச் சாட்சி டிரைப்பின் படங்களே.

சிக்கனம் என்னும் வாள்

பெங்களூரில் அமர்ந்து டிரைப் தம் படங்களை அச்சிட்டுத் தொகுதிகளாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். செய்ய வேண்டிய ஊர்கள் இன்னும் எவ்வளவோ இருந்தன. புரட்சிக்குப் பின் அரசின் கருவூலம் வற்றியிருந்தது. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், இந்தப் புகைப்படப் பணி வீண் செலவு என்று முடிவு கட்டினார். சிக்கனம் கருதித் தொடங்கிய பணி சிக்கனத்தின் பெயராலேயே நிறுத்தப்பட்டது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டுக்கும் குறைவு. அதன் பின் பர்மாவில் பணியாற்றிய காலத்தில் சில படங்கள் எடுத்தார், அவ்வளவே. பெரிய கேமராவை அவர் மீண்டும் பெரிய அளவில் தொடவில்லை. ஓய்வு பெற்றுப் பிறந்த ஊரான டெவன்போர்ட்டுக்குச் சென்று, சங்குகளும் பவளங்களும் சேர்த்து வைத்து அமைதியாக வாழ்ந்தார். 1902 மார்ச் 2ஆம் நாள் மறைந்தார். பிறகு நெடுங்காலம் அவர் பெயரை ஆராய்ச்சியாளர் சிலரே அறிந்திருந்தனர். 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், அடுத்து நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களிலும் அவர் படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அருங்காட்சியகத்தைப் படமெடுத்தவரின் படங்கள் அருங்காட்சியகப் பொருளாயின!

டிரைப்பைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அவர் அந்நிய ஆட்சியின் படை அதிகாரி. தாம் ஆளும் நாட்டில் என்னென்ன உள்ளன என்று கணக்கெடுக்க விரும்பிய அரசின் ஊழியர். அவர் படங்களில் கோயில் உண்டு. கோயிலுக்குச் செல்பவர் அரிது. அதற்குத் தாளின் குறை ஒரு காரணம். மனிதரை நிறுத்தி வைத்து எடுக்க வேண்டும் என்ற எண்ணம் மிகுதியாக எழாததும் ஒரு காரணம் எனலாம். ஆயினும் அவர் செய்த வேலை நமக்கு வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்வதுதான் வரலாற்று மாணவனுக்கு அழகு.

என் அப்பத்தாவின் தூண்

தொடக்கத்தில் சொன்ன காரணத்திற்கு வருகிறேன்.

எங்கள் கிராமத்தில் அப்பத்தாவின் வீடு இருந்தது. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, முற்றத்தைச் சுற்றி நான்கு மரத்தூண்கள். அடுப்படிப் பக்கத்துத் தூணில் அப்பத்தா தம் ஐந்து பிள்ளைகளின் உயரத்தையும் பொங்கல் தோறும் ஆணியால் கோடு கிழித்து வைத்திருந்தார். என் தந்தையின் கோடுகள் அதில் பதினொன்று. எழுதப் படிக்கத் தெரியாத அவர், எந்தக் கோடு எந்தப் பிள்ளையுடையது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு பாகப்பிரிவினையில் அந்த வீடு விற்கப்பட்டது. பழைய மரம் வாங்குபவர் தூண்களை லாரியில் ஏற்றிச் சென்றார். அன்று எனக்கு இங்கே தேர்வு.

சில நாட்கள் கழித்து அப்பத்தா என்னிடம் அந்தத் தூணின் படம் இருக்கிறதா என்று கேட்டார். எப்போதும் கேமராவும் கையுமாகத் திரிபவன் பேரன். அவனிடம் இல்லாமலா போகும் என்ற நம்பிக்கை அவருக்கு. என் கைப்பேசியில் அந்த வீட்டில் எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாம் முகங்கள். பிறந்த நாள் படம் ஒன்றில் என் தங்கையின் தோளுக்குப் பின்னால் அந்தத் தூண் பாதி தெரிகிறது. கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பலூன். மகாலின் தூண்களைத் தேடித் தேடி எடுத்த நான், என் தந்தை வளர்ந்த கணக்கு இருந்த தூணை எடுக்கவில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

டிரைப்பின் படங்களில் தூண் இருக்கிறது, மனிதர் இல்லை. என் படங்களில் மனிதர் இருக்கின்றனர், தூண் இல்லை. அவருக்குத் தாள் தடையாக இருந்தது. எனக்கு எந்தத் தடையும் இல்லை; கவனம்தான் இல்லை.

அந்த நாள் முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பழைய வீட்டையேனும் எடுக்கிறேன். முகப்பு, திண்ணை, தூண், கதவு என்று ஒவ்வொன்றையும் நேராக நின்று எடுக்கிறேன். பிறகு அந்த வீட்டாரை அதே தூணின் அருகில் நிறுத்தி எடுக்கிறேன். டிரைப் தம் படங்களுக்கு எண்ணும் பெயரும் இட்டதைப் போல, ஊர், தெரு, நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். இதுவரை பத்தொன்பது வீடுகள் ஆகியிருக்கின்றன. அவற்றுள் இரண்டு இப்போது இல்லை.

நம் கல்லூரியில் பல ஊர்களிலிருந்து வந்து படிக்கிறோம். ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு சாவடியோ, மண்டபமோ, சுமைதாங்கிக் கல்லோ, பாட்டியின் வீடோ இருக்கும். அடுத்த விடுமுறையில் அவற்றுள் ஒன்றையாவது எடுத்து, குறிப்பெழுதி, நம் வரலாற்றுத் துறைக்குக் கொண்டுவாருங்கள். துறையில் ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று பேராசிரியர் இசைவு தந்திருக்கிறார். மாட்டு வண்டி தேவையில்லை, மெழுகு தேவையில்லை, நிமிடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. புறப்பட வேண்டும், அவ்வளவே.

பலூன் மறைத்த அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அப்பத்தாவிடம் கொடுத்தேன். அவர் அதைச் சுவரில் மாட்டவில்லை. அவ்வப்போது எடுத்து, தூண் தெரியும் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்.